மாப்பிள்ளை தப்பே செய்யவில்லை

பார்வை மேஜையில் நாங்கள் நாலு பேர். நான், என் அக்கா, ரேடியோ, மாமா. ரேடியோ என்பவன் வாய் மூடாதவன். பெல்ட் ஓடும் சத்தத்துக்கு மேலே அவன் சத்தம் ஓடும். மாமா யாருக்கு மாமா என்று கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு நாளைக்கு ஏழெட்டு வார்த்தை பேசுவார், அதில் பாதி "ம்".

எங்கள் சலவைக்கூடத்துக்கு நாலு ஆஸ்பத்திரிகளின் துணி வருகிறது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளி அங்கி, ஆபரேஷன் பச்சைத் துணி. கீழே துவைத்து உலர்த்தி மேலே பெல்ட்டில் அனுப்புவார்கள். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜையில் நாங்கள் ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்போம். நல்லது மடிப்புக்குப் போகும். கறை போகாதது மறுதுவைப்புத் தொட்டிக்குப் போகும். கிழிந்தது கழிவுக்கு. அவ்வளவுதான் வேலை, கேட்கச் சுலபம். எட்டு மணி நேரம் வெள்ளைத் துணியையே பார்த்துவிட்டுத் தெருவில் இறங்கினால், எதிரே வருகிறவன் சட்டையிலும் கண் தானாகக் கறை தேடும்.

என்னை இங்கே கூட்டி வந்தது அக்காதான். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அவளுக்கு இப்போது ஐம்பத்தெட்டு. அத்தான் போன பிறகு எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். அவளுக்கு இடது கண்ணில் புரை விழுந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கூடத்தில் சொல்லவில்லை. அவசியமும் வரவில்லை, ஏனென்றால் அக்கா துணியைப் பார்ப்பது விரலால். உள்ளங்கையை அகல விரித்து ஒரு தடவு தடவுவாள். "இங்க விறைப்பா இருக்கு பாரு" என்பாள். குனிந்து பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர் தெளித்தால் மெதுவாக ஒரு வட்டம் எழும். மருந்தோ பிசினோ எதுவோ நூலுக்குள் போய்க் காய்ந்திருக்கும். "புண்ணு உடம்போட படுக்கிறவனுக்கு இது உப்புத்தாள்டா" என்று சொல்லித் தொட்டியில் போடுவாள்.

பார்வை மேஜை இல்லை என்றால் அவளுக்குக் கூடத்தில் வேறு வேலை இல்லை. கீழே இருப்பதெல்லாம் ஈரத் துணியை அள்ளித் தூக்கும் வேலை. அவள் மணிக்கட்டு அதற்கு ஆகாது. வெளியே போனால் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு, ஒரு கண்ணோடு, யார் வேலை தருவார்கள்?

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை வந்தார்.

பெல்ட்டுக்கு மேலே ஒரு பெரிய பெட்டியை மாட்டினார்கள். உள்ளே கேமராக்களும் சூரியன் மாதிரி வெளிச்சமும். துணி பெட்டிக்குள் நுழையும்போதே நல்லதா கெட்டதா என்று அது தானாக முடிவு செய்யும். கெட்டதை இரண்டு இரும்புக் கைகள் இழுத்துத் தொட்டியில் போடும். அது சூடாகக் கூடாதாம். அதற்காகப் பெட்டியைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு வைத்து ஏசி போட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக நாங்கள் கேட்டு ஒரு மின்விசிறி வரவில்லை.

"வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தாச்சு" என்றான் ரேடியோ. "அவருக்கு வேர்க்கக் கூடாது. யாரும் சத்தம் போடாதீங்க."

பெயர் ஒட்டிக்கொண்டது. சூப்பர்வைசர்கூட ஒரு நாள் வாய் தவறி, "மாப்பிள்ளைய தொடச்சீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

நாங்கள் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றோம். அது நல்லது என்று அனுப்புவதில் கெட்டது இருந்தால் மேஜை ஓரத்தில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். பெல்ட் நிற்கும். சின்னத் திரையில் நாலு படம் வரும்: கறை, கிழிசல், ஓட்டை, வேறு. ஒன்றைத் தொட்டால் பெல்ட் மறுபடி ஓடும். துணியைத் தொட்டியில் போட்டுவிடலாம்.

இதைச் சொல்லித் தர ஒரு பெண் வந்தாள். கம்ப்யூட்டர்ப் பொண்ணு என்றோம். நல்ல மாதிரி. எங்களை அண்ணா என்றும் அக்காவை அம்மா என்றும் கூப்பிட்டாள்.

"நீங்க ஒவ்வொரு தடவ அழுத்தும்போதும் அது கத்துக்கும்ணா. கொஞ்ச நாள் போனா நீங்க அழுத்தவே வேண்டியிருக்காது."

நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னாள்.

"அழுத்தலன்னா நாங்க எதுக்கும்மா நிக்கணும்?" என்றான் ரேடியோ.

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அதெல்லாம் மேனேஜர் பாத்துப்பார்ணா."

மறுநாள் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எனக்கு எழுத்து வந்தது நாற்பதுக்கு மேல்தான், துணி மூட்டையில் கட்டி வரும் வார்டுச் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து. இருந்தாலும் நாலு பேரில் படிக்கத் தெரிந்தவன் நான்தான். விரல் வைத்துப் படித்தேன். ஆறு மாதம் சோதனைக் காலம். அதன் பிறகு, இயந்திரத்தின் செயல்பாட்டைப் பொறுத்து, பார்வை மேஜைக்கு எத்தனை ஆள் என்று முடிவு செய்யப்படும்.

தேநீர் இடைவேளையில் நான்தான் வாயைத் திறந்தேன். பழி வேறு யார் மேலும் போகக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

"நாம அழுத்துறதாலதானே அது கத்துக்குது? அழுத்த வேணாம். கெட்ட துணிய கையால எடுத்துத் தொட்டியில போட்டுடலாம். துணியும் கெட்டுப் போகாது, அதுவும் தேறாது. ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா அதே மக்காத்தான் நிக்கும்."

ரேடியோ என் முதுகில் ஒன்று வைத்தான். "மூளைடா உனக்கு! ஒரேயடியா நிறுத்தினா சந்தேகம் வரும். தெனம் மூணு நாலு அழுத்தி வைப்போம், மொய் எழுதுற மாதிரி."

மாமா "ம்" என்றார்.

அக்கா மட்டும் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். "எடுக்கிறது சரிடா. எடுத்தோம்னு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதானேக்கா இது."

"அதத்தான் நானும் கேக்குறேன்" என்றாள். பிறகு எழுந்து போய் டம்ளரைக் கழுவினாள். அவள் கேட்டது என் மண்டையில் ஏறவில்லை. எனக்கு அன்று என் புத்திசாலித்தனத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

அப்படியே செய்தோம். முதல் மாதம் ஒரு நாளைக்கு நூற்றைம்பது, இருநூறு முறை அழுத்தியவர்கள் இரண்டாம் மாதம் மூன்று நாலோடு நிறுத்தினோம். கெட்ட துணியை ஓடும் பெல்ட்டிலேயே பிடித்து உருவினோம். மாப்பிள்ளை ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. வெளிறிய மருந்துக் கறையை அனுப்பினார். ஊசி நுழையும் ஓட்டையை அனுப்பினார். ஒரு நாள் கை முழுக்கக் கிழிந்த அங்கியையே அனுப்பினார். ரேடியோ அதைத் தூக்கிப் பிடித்து, "மாப்பிள்ளை இதையும் நல்லதுன்னுட்டார், யாராவது குத்தம் சொல்லுவீங்க?" என்றான். சிரித்தோம். அப்போது சிரிப்பதற்குத் தெம்பு இருந்தது.

பெல்ட் நிற்காமல் ஓடுவதைப் பார்த்து சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல். மூன்றாம் மாதம் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார். ஐந்தாம் மாதம் இன்னும் கொஞ்சம். பொத்தானை அழுத்தினாலாவது பெல்ட் நின்று மூச்சு விடலாம். நாங்கள் அதையும் விட்டிருந்தோம். ஓடுகிற துணியை ஓடுகிற வேகத்திலேயே தடவி, பிடித்து, இழுத்து, வீசி, அடுத்ததற்குக் கை நீட்ட வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தண்ணீர்ச் செம்பைத் தூக்கக் கை வராது.

"உங்க அக்கா கைய பாத்தீங்களா? பூரான் கடிச்ச மாதிரி வீங்கியிருக்கு" என்றாள் வீட்டுக்காரி.

அக்கா வெந்நீரில் உப்புப் போட்டு மணிக்கட்டை முக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னும் ஒரு மாசம்தானே" என்றாள்.

ஆறு மாதம் முடிந்த வாரம் மேனேஜர் எங்களை அறைக்குக் கூப்பிட்டார். நாலு நாற்காலி போட்டிருந்தது. எங்களை அங்கே யாரும் உட்காரச் சொன்னதில்லை.

மேஜையில் ஒரு தாளை வைத்தார். அதில் ஒரு கோடு. இடது பக்கம் உயரத்தில் தொடங்கி, மாடியிலிருந்து குதித்தது போலச் சரேலென்று இறங்கி, தரையோடு தரையாகக் கடைசிவரை போயிருந்தது.

"இதான் மெஷின் செய்த தப்பு. மொத மாசம் இவ்வளவு. ரெண்டாவது மாசத்துலேருந்து ஒரு நாளைக்கு மூணு, நாலு. எட்டாயிரம் துணியில நாலு! நீங்க நல்லா கத்துக் கொடுத்திருக்கீங்க."

நிஜமாகவே பாராட்டினார்.

"அதனால இனிமே அந்த மேஜை தேவையில்லைன்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் வாங்க. கீழ இடம் வேணும்னா சொல்லுங்க."

ரேடியோ வாயைத் திறந்தான். அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை. அக்கா என்னைப் பார்க்கவில்லை, தாளில் இருந்த கோட்டின் மேல் விரலை வைத்து ஒரு முறை தடவினாள். அவளுக்கு அதுதான் பார்ப்பது. எடுத்தோம் என்று யாருக்குத் தெரியும் என்று அவள் கேட்டது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆறு மாதமாக நாங்கள் நாலு பேரும் கை வீங்க வீங்க ஒரே ஒரு காரியம்தான் செய்திருந்தோம். மாப்பிள்ளையின் தப்பையெல்லாம் துடைத்து அவருக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தோம்.

மறுநாள் காலை நான் தனியாக மேனேஜர் அறைக்குப் போனேன். கம்ப்யூட்டர்ப் பொண்ணும் இருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"ஏன்ணா அப்படி செஞ்சீங்க?" என்றாள். கோபத்தைவிட அவளுக்கு வருத்தம்தான் அதிகம்.

"அது கத்துக்கக் கூடாதுன்னும்மா."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். "சொன்னத செய்யலன்னு இப்பவே நாலு பேரையும் அனுப்பலாம், தெரியுமா? சரி. ஒரு நாளைக்கு எத்தனை எடுத்தீங்க?"

"எரநூறு இருக்கும் சார்."

"எதுல பதிஞ்சிருக்கு?"

தொட்டியில் போட்ட துணிக்குப் பதிவு ஏது? அது துவைத்து, காய்ந்து, எந்தெந்தக் கட்டிலுக்கோ போயிருக்கும். நான் கையை விரித்தேன்.

அந்தப் பெண்தான் காப்பாற்றினாள். அல்லது காப்பாற்றியதாக அன்று நினைத்தேன். "ஒரு காலை மட்டும் பாக்கலாம் சார். அவங்க எல்லாத்தையும் அழுத்தட்டும்" என்றாள்.

மதியத்துக்குள் நூற்று முப்பது. அவள் திரையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். மேனேஜர் யார் யாருக்கோ போன் பேசினார். கடைசியில் ஒரு மாதம் நீட்டித்தார்கள். நாலு பேரும் நிற்கலாம். ஒன்றையும் விடாமல் அழுத்த வேண்டும்.

"உன் மூளையால வேல போச்சு" என்றான் ரேடியோ, "உன் வாயால ஒரு மாசம் வந்திருக்கு. கணக்கு சரியாப் போச்சுன்னு நெனச்சுக்காத." அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. கூடம் செத்த வீடு மாதிரி இருந்தது.

அழுத்தினோம். அழுத்த அழுத்த மாப்பிள்ளை தேறினார். முதல் வாரம் ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது. இரண்டாம் வாரம் நூற்றிருபது. மூன்றாம் வாரம் அறுபதுக்கு வந்துவிட்டது. வெளிறிய கறையை இப்போது தானே இழுத்துப் போட்டார். நாங்கள் இருபது வருஷத்தில் கற்றது அவருக்கு இருபது நாள்.

ரேடியோ நல்ல துணிக்கும் பொத்தானை அழுத்த ஆரம்பித்தான். எண்ணிக்கை குறையக் கூடாதாம். நானும் கையை நீட்டினேன். அக்கா தட்டிவிட்டாள்.

"பொய்ய ஒரு தடவ செஞ்சு பாத்தாச்சு. இன்னொண்ணுக்கு எனக்குத் தெம்பு இல்லடா."

அந்த அறுபதில் ஒரு வகை மட்டும் குறையவே இல்லை. அக்காவின் விறைப்பு. ஒரு நாளைக்கு நாற்பது வரும். திரையில் அதற்குப் படம் கிடையாது. "வேறு" என்பதை அழுத்தி, என்ன என்று எழுத வேண்டும். அதை அக்காவுக்காக நான் எழுதினேன். அந்தப் பெண் வந்து பார்த்தாள். துணியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கேமராவுக்கு இது தெரியாதும்மா. ஒண்ணுமே இல்லையே இதுல."

"எனக்கும்தான் தெரியல" என்றாள் அக்கா. "தொட்டுப் பாக்கச் சொல்லு அதை."

அந்தப் பெண் தொட்டாள். முகம் மாறியது. அவள் நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். எனக்கு உயிர் வந்தது. இதற்கு ஒரு ஆள் வேண்டும் என்றுதான் சொல்லப்போகிறாள். அந்த ஆள் அக்காவைத் தவிர யார்?

ஒரு ஆள் வேண்டும் என்றுதான் முடிவாயிற்று. பதவிக்குப் பெயர்கூட வைத்தார்கள், கடைசிப் பார்வையாளர். அவருக்குத் திரையில் எழுதத் தெரிய வேண்டும். பார்வைப் பரிசோதனையில் தேற வேண்டும்.

"விரல் வேலைக்கு எதுக்கு சார் கண்ணு?" என்றேன். "எங்க அக்கா கூடவே நின்னு நான் எழுதித் தரேன். சம்பளம் ஒண்ணு போதும்."

"ஒரு மேஜைக்கு ஒரு ஆள்னு விதி இருக்குப்பா. காயம் கீயம் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார் மேனேஜர். அவரும் களைத்துப் போயிருந்தார். அவர் அறையில் ஏற்கெனவே இரண்டு மேஜை காலியாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

சுவரில் எழுத்து அட்டை மாட்டி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மற்ற மூவருக்கும் எழுத்து தெரியாது என்று சக்கரமும் கோடும் போட்ட அட்டை மாட்டினார்கள். வலது கண்ணை மூடச் சொன்னதும் அக்கா சிரித்துவிட்டாள்.

"எந்தப் பக்கம் அட்டை இருக்குன்னு சொல்லுப்பா மொதல்ல" என்றாள்.

ரேடியோ கீழே ஈரத் துணிக்குப் போய்விட்டான். அங்கே இருக்கும் சத்தத்தில் அவன் பேசுவது யாருக்கும் கேட்பதில்லையாம். மாமா கடைசி நாள் எல்லோருடைய கையையும் பிடித்து, "போயிட்டு வரேன்" என்றார். நான் அவரிடம் கேட்ட மிக நீளமான வாக்கியம் அதுதான்.

அந்தப் பதவி எனக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரத்தான் நினைத்தேன். அக்கா விடவில்லை.

"ரெண்டு பேரும் வீட்ல குந்திக்கிட்டா அடுப்பு என்னத்தப் பாத்து எரியும்? போ. உள்ளங்கைய அழுத்தாத. துணி மேல கை நிக்கக் கூடாது, போய்க்கிட்டே இருக்கணும். அவ்வளவுதான் அதுல."

அவ்வளவுதான் என்றால் எனக்கு வந்திருக்க வேண்டும். இப்போது ஒரு மாதமாக அந்த மேஜையில் தனியாக நிற்கிறேன். துணி வந்துகொண்டே இருக்கிறது. அக்கா சொன்னபடி கையை விரித்துத் தடவுகிறேன். என் விரல் மரத்துப் பாறையாகிவிட்டது. விறைப்பு தட்டுப்பட்டால் பொத்தானை அழுத்தி, "வேறு" என்பதைத் தொட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, "விறைப்பாக உள்ளது" என்று எழுதுகிறேன். அதுவரை பெல்ட் நிற்கிறது. "எத்தன நேரம்யா எழுதுவ?" என்று சூப்பர்வைசர் கத்துகிறார். எழுதி முடித்துவிட்டுத்தான் கையை எடுக்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அக்கா முதலில் கேட்பது அதைத்தான்.

"எத்தனை?"

"பதினெட்டு."

"நாப்பது வரணுமேடா."

"மேனேஜருக்கு ஏக சந்தோஷம். கோடு மறுபடியும் எறங்குதாம்."

அக்கா என் கையை இழுத்து விரல் நுனியை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், துணியைப் பார்க்கிற மாதிரியே. பிறகு விட்டுவிட்டாள்.

"மிச்சம் இருபத்திரண்டும் யார் முதுகுலயோ உறுத்திக்கிட்டு இருக்கும்" என்றாள்.

மறுநாள் காலை கையை வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊற வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு இருபத்தொன்று.